மீட்ட பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தாயிற்று, அவன் எப்போது வாசிப்பான்?

ஜூன் 12, குழந்தைத் தொழிலாளர் எதிர்ப்பு நாள். அதையொட்டி ஒவ்வோர் ஆண்டும் நாளிதழ்களில் ஒரே மாதிரியான செய்திகள் வரும். ஏதோ ஒரு பட்டறையிலோ பேக்கரியிலோ செங்கல் சூளையிலோ அதிகாரிகள் சோதனை நடத்தியிருப்பார்கள், இத்தனை பேர் மீட்பு என்று ஓர் எண்ணிக்கை இருக்கும், கடைசி வரி பெரும்பாலும் "மீட்கப்பட்ட சிறார்கள் பள்ளியில் சேர்க்கப்பட்டனர்" என்று முடியும். படிக்கிற நமக்கு நிம்மதி. ஆனால் சிக்கலான பகுதியே அந்த வரிக்கு அப்புறம்தான் தொடங்குகிறது. ஏழு வயதில் பள்ளியை விட்டுப் பட்டறைக்குப் போன பையன் பதினொரு வயதில் திரும்பி வந்தால் எந்த வகுப்பில் உட்கார வைப்பது? எழுத்தே மறந்து போனவனிடம் ஆறாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தைக் கொடுத்தால் அவன் என்ன செய்வான்? சட்டம் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. அந்தப் பதில் நல்ல பதில் என்றே நினைக்கிறேன், ஆனால் அதைச் செய்து முடிக்கத் தேவையான வேலை பல இடங்களில் நடப்பதில்லை. அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## எத்தனை பிள்ளைகள்?

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 5 முதல் 14 வயதுக்குள் வேலை செய்த பிள்ளைகள் 1.26 கோடி. 2011-இல் அது 1.01 கோடி. அடுத்து 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் இன்றும் பேச்செல்லாம் அந்தப் பழைய எண்ணை வைத்துத்தான். உலக அளவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் யுனிசெப்பும் 2025-இல் வெளியிட்ட கணக்கு 13.8 கோடி. 2025-க்குள் குழந்தை உழைப்பை முற்றிலும் ஒழிப்பது என்று உலக நாடுகள் வைத்திருந்த இலக்கு தவறிவிட்டது.

## சட்டம் என்ன சொல்கிறது?

இங்கே மூன்று நான்கு சட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வருவதால்தான் செய்தி படிப்பவர்கள் குழம்புகிறார்கள். முக்கியமானவை மட்டும்:

1. 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டது. இப்போது 14 வயதுக்கு உட்பட்ட யாரையும் எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது. 14 முதல் 18 வரை 'வளரிளம் பருவத்தினர்', இவர்களை ஆபத்தான வேலைகளில் அமர்த்தக் கூடாது. மீறினால் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

2. அதே திருத்தத்தில் ஒரு விலக்கும் உண்டு. பள்ளி நேரம் போக மீதி நேரத்திலும் விடுமுறையிலும், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம். வீட்டில் பூ கட்டுவதும் ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைப்பதும் இதற்குள் வந்துவிடும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் கூலிக்கு வாங்கி வந்த வேலையை வீட்டுத் திண்ணையில் இரவு பத்து மணி வரை செய்கிற பிள்ளையை எந்த ஆய்வாளரும் பார்க்கப் போவதில்லை. மறுநாள் வகுப்பில் அவள் தூங்கி விழுவதை ஆசிரியர்தான் பார்ப்பார்.

3. கல்வி உரிமைச் சட்டம், 2009. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி என்பது எல்லோருக்கும் தெரியும். மீட்கப்பட்ட பிள்ளைக்கு உண்மையில் உயிரான பகுதி அதன் 4-ஆம் பிரிவு. அதற்குத் தனியாக வருகிறேன்.

4. இளைஞர் நீதிச் சட்டம், 2015. மீட்ட பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழு முன்பு நிறுத்த வேண்டும். வீட்டுக்கு அனுப்புவதா, இல்லத்தில் வைப்பதா என்று முடிவு செய்வது அந்தக் குழுதான், சோதனைக்குப் போன அதிகாரி அல்ல.

இவை தவிர, முன்பணம் வாங்கியதற்காகக் குடும்பத்தோடு கட்டுண்டு வேலை செய்தால் அது 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்துக்குள் வரும். அப்போது வருவாய்த்துறை தருகிற விடுவிப்புச் சான்றிதழ் மிக முக்கியம். அந்தத் தாள் இல்லாவிட்டால், வாங்கிய முன்பணத்தைக் காட்டி அதே முதலாளி மறுபடியும் கூப்பிடுவார், குடும்பமும் போகும், பள்ளிக்கூடப் பேச்சு அத்தோடு போயிற்று.

## வயதுக்கேற்ற வகுப்பு, ஏன்?

4-ஆம் பிரிவு சொல்வது இதுதான். ஆறு வயதைத் தாண்டியும் பள்ளியில் சேராத, அல்லது சேர்ந்து பாதியில் நின்ற பிள்ளையை, அதன் வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். பதினொரு வயதென்றால் ஆறாம் வகுப்பு. மற்ற பிள்ளைகளோடு சமமாக வருவதற்கு அந்தப் பிள்ளைக்குச் 'சிறப்புப் பயிற்சி' பெறும் உரிமை உண்டு. விதிகளின்படி இந்தப் பயிற்சி குறைந்தது மூன்று மாதம், கற்றலைப் பார்த்து அதிகபட்சம் இரண்டு ஆண்டு வரை நீட்டிக்கலாம். தொடக்கக் கல்வி முடிவதற்குள் 14 வயது தாண்டிவிட்டாலும், எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை இலவசமாகப் படிக்கலாம்.

எழுத்தே தெரியாதவனை ஆறாம் வகுப்பிலா என்று ஆசிரியர்களே கேட்பார்கள். மாற்று வழியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பதினொரு வயதுப் பையனை ஐந்து வயதுப் பிள்ளைகளோடு பாயில் உட்கார வைத்தால் ஒரு வாரம்கூடத் தங்க மாட்டான். பட்டறையில் மிஷின் ஓட்டியவன், தன் கூலியில் வீட்டுக்கு அரிசி வாங்கியவன், அவனுக்கென்று ஒரு மரியாதை இருக்கிறது. அதைப் பறித்துவிட்டு எழுத்துச் சொல்லித்தர முடியாது. அதனால் சட்டம் இரண்டையும் பிரித்தது: வருகைப் பதிவேட்டில் தன் வயதுப் பிள்ளைகளோடு இருப்பான், பாடத்தைத் தனக்கு வேண்டிய இடத்திலிருந்து தொடங்குவான். முதல் பாதியைச் செய்வது எளிது, ஒரு கையெழுத்து போதும். இரண்டாவது பாதிக்கு மாதக்கணக்கில் ஓர் ஆள் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். முதல் பாதி மட்டும் நடந்தால் அந்தப் பையன் ஆறாம் வகுப்பின் கடைசி பெஞ்சில், கரும்பலகையில் இருப்பதைப் படமாக வரைந்து கொண்டிருப்பான்.

சேர்க்கும்போதே தடை போடுகிற பள்ளிகளும் உண்டு. பிறப்புச் சான்றிதழ் இல்லை, டிசி இல்லை, சேர்க்கை தேதி முடிந்துவிட்டது என்பார்கள். வயதுச் சான்று இல்லை என்பதற்காகவோ, தாமதமாக வந்ததற்காகவோ, மாற்றுச் சான்றிதழ் கையில் இல்லை என்பதற்காகவோ பிள்ளையைத் திருப்பி அனுப்ப இந்தச் சட்டம் இடம் தரவில்லை (5, 14, 15-ஆம் பிரிவுகள்). இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

## சிறப்புப் பயிற்சி மையங்களின் கதை

1987-இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் கொள்கை வந்தது, மறு ஆண்டு தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் தொடங்கியது. வேலையிலிருந்து விலக்கிய பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி, மதிய உணவு, தொழில் பயிற்சி, மாதாமாதம் ஒரு சிறு உதவித்தொகை. அது 150 ரூபாயாக இருந்து பிறகு 400 ஆனது. பட்டாசும் தீப்பெட்டியுமாக இருந்த சிவகாசி முதலில் எடுத்துக்கொண்ட பகுதிகளில் ஒன்று. அதே சிவகாசியை மையமாக வைத்துத்தான் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்பு சொன்னது. ஆபத்தான தொழிலில் பிள்ளையை வைத்திருந்த முதலாளி ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் நல நிதிக்குக் கட்ட வேண்டும், அந்தக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும், முடியாவிட்டால் அந்த நிதியில் அரசு 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும். பிள்ளையின் கூலி நின்றால் வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்ற கேள்வியை நீதிமன்றம் நேராகப் பார்த்த தீர்ப்பு அது. ஆனால் ஆபத்தில்லாத வேலை என்றால் ஆறு மணி நேரத்துக்கு மிகாமல் வேலையும், முதலாளி செலவில் தினம் இரண்டு மணி நேரப் படிப்பும் என்று அதே தீர்ப்பு ஏற்றுக்கொண்டது.

அந்த இரண்டு மணி நேரம்தான் அன்றைய பெரிய விவாதம். இரவுப் பள்ளி, முறைசாராக் கல்வி என்று எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நடந்த பலவும், பிள்ளை வேலைக்குப் போய்க்கொண்டே இருக்கும், நாம் மீதி நேரத்தில் எழுத்துச் சொல்லித்தருவோம் என்ற எண்ணத்தில் எழுந்தவை. ஹைதராபாத்தை ஒட்டிய ரங்காரெட்டி மாவட்டத்தில் 1991-இலிருந்து வேலை செய்த எம்.வி. ஃபவுண்டேஷன் என்ற தொண்டு நிறுவனம் இதை அடியோடு மறுத்தது. பள்ளியில் இல்லாத எந்தப் பிள்ளையும் குழந்தைத் தொழிலாளிதான், முழுநேரப் பள்ளி தவிர வேறு வழி இல்லை என்றது. வேலையை முற்றிலும் நிறுத்திவிட்டு, பிள்ளைகளை மாதக்கணக்கில் தங்கிப் படிக்கும் முகாமில் வைத்து, இடைவெளியை நிரப்பி, வயதுக்கேற்ற வகுப்பில் அரசுப் பள்ளியிலேயே சேர்த்தார்கள். 'இணைப்புப் பள்ளி' என்கிறோமே, அதை நாடறியச் செய்த வேலை அது. அதை முன்னின்று நடத்திய சாந்தா சின்ஹா 2003-இல் மகசேசே விருது பெற்றார், 2007-இல் அமைந்த தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் முதல் தலைவரும் ஆனார். கல்வி உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவைப் படித்தால் அந்த அனுபவத்தின் சாயல் தெரியும். என்னைக் கேட்டால், அந்த விவாதத்தில் எம்.வி. ஃபவுண்டேஷன் சொன்னதுதான் சரி. நாள் முழுக்க நின்று வேலை பார்த்த பிள்ளையின் கண்ணும் மூளையும் இரவு எட்டு மணிக்குப் புது எழுத்தைப் பிடிப்பது மிகக் கடினம்.

2021-இல் குழந்தைத் தொழிலாளர் திட்டம் சமக்ர சிக்ஷாவோடு, அதாவது பொதுவான பள்ளிக்கல்வித் திட்டத்தோடு, இணைக்கப்பட்டது. இனி தனி மையம் வேண்டாம், எல்லாப் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் என்பது நல்ல நோக்கம்தான். ஆனால் பொதுப் பள்ளியின் நிலைமையையும் பார்க்க வேண்டும். பிள்ளைகளின் வாசிப்புத் திறனை அளக்கும் அசர் ஆய்வில், 2024-ஆம் ஆண்டு, நாட்டின் ஊரகப் பகுதிகளில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 48.8 விழுக்காடு. பள்ளியை விட்டு எங்கும் போகாத பிள்ளைகளுக்கே இந்த நிலை என்றால், நான்கு ஆண்டு கழித்து வருகிறவனைத் தனியாகக் கவனிக்க ஒருவர் இல்லாமல் ஆகாது.

## பதினொரு வயதில் எழுத்துக் கற்பது

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லித்தருவதைப் போலவே இவர்களுக்கும் சொல்லித்தருவது வேலைக்கு ஆகாது. ஏன் என்று விரிவாகப் பார்க்கலாம்.

முதலில், வரிசை. அ-விலிருந்து ஔ வரை, க்-இலிருந்து ன் வரை, பிறகு 216 உயிர்மெய், ஆய்தத்தோடு சேர்த்து மொத்தம் 247 என்று அட்டவணையாகப் போனால் முழுச் சொல் ஒன்றைத் தானாக வாசிக்கவே பல வாரம் ஆகும். பெரிய பிள்ளைக்கு அவ்வளவு பொறுமை இருக்காது, தன்னால் முடியாது என்று ஏற்கெனவே நம்பிக்கொண்டிருப்பவன் அவன். மாறாக ப, ட, ம மூன்றையும் ஒரு புள்ளியையும் காட்டினால் அன்றைக்கே படம், மடம், பட்டம், மட்டம் என்று நான்கு சொல் வாசித்துவிடுவான். முதல் நாளே வாசித்துவிட்டோம் என்ற அந்த நினைப்பு மறுநாள் அவனைக் கூட்டி வரும். அப்புறம் ர, ல, வ, க என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு போகலாம், துணைக்கால், கொம்பு, இரட்டைக்கொம்பு என்று குறிகளையும்.

தடுமாறும் இடமும் தெரிந்ததுதான். உகர, ஊகார வரிசை. கால் போட்டால் கா, மா, பா என்று எல்லா எழுத்துக்கும் ஒரே குறி. ஆனால் பு ஒரு விதம், கு இன்னொரு விதம், து வேறொரு விதம். குறியை வைத்து ஊகிக்க முடியாது, எழுத்தெழுத்தாகத்தான் பழக வேண்டும். இங்கே அவசரப்பட்டால் பிள்ளை விட்டுவிட்டுப் போய்விடுவான்.

இரண்டாவது, பேச்சும் எழுத்தும். "ஊட்டுக்குப் போறேன்" என்று பேசுகிறவன் "வீட்டிற்குச் செல்கிறேன்" என்பதை எழுத்துக் கூட்டி வாசித்தாலும் ஒரு நொடி விழிப்பான். வாசிப்பு என்பது எழுத்தை ஒலியாக்குவதும், அந்த ஒலியைப் புரிந்துகொள்வதும் சேர்ந்தது. அதனால் முதல் சில வாரங்களுக்கு அவன் பேசுவதையே எழுதி அவனையே வாசிக்கச் சொல்வது நல்ல வழி. அவன் செய்த வேலை, அவன் ஊர், அவன் தங்கச்சி பெயர். நூல்நடைக்கு மெதுவாக வந்து சேரலாம்.

மூன்றாவது, அவனிடம் இருப்பது. இந்தப் பிள்ளைகள் வெறும் கையோடு வருவதில்லை. கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வியாபாரம் செய்யும் சிறுவர்களை வைத்து பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ உள்ளிட்டோர் நடத்திய ஆய்வு 2025-இல் நேச்சர் இதழில் வந்தது. எத்தனை கிலோ, என்ன விலை, மீதி எவ்வளவு என்று மனக்கணக்கில் சரியாகச் சொன்ன பிள்ளைகள், அதே அளவு கடினமான கணக்கைப் பாடப்புத்தக வடிவில் தாளில் கொடுத்தபோது திணறினார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு நேர்மாறு: தாளில் போட்டுவிட்டார்கள், கடைக்கணக்கில் தடுமாறினார்கள். ஆகவே சந்தையிலிருந்து வந்தவனுக்குக் கணக்கு வராது என்று முடிவு கட்டுவது தவறு. அவன் மனதில் போடும் கணக்கைத் தாளில் எப்படி எழுதுவது என்று காட்டுவதுதான் ஆசிரியரின் வேலை.

நான்காவது, குழு. 'பிரதம்' என்ற கல்வித் தொண்டு நிறுவனம் பல மாநிலங்களில் செய்து காட்டிய முறை எளிமையானது. மூன்றாம் வகுப்பிலிருந்து மேலே உள்ள பிள்ளைகளை வகுப்பை விட்டுவிட்டு, எழுத்து தெரிந்தவர், சொல் வாசிப்பவர், பத்தி வாசிப்பவர் என்று அப்போதைய நிலையை வைத்துப் பிரிக்கிறார்கள். தினமும் குறிப்பிட்ட நேரம் அந்தக் குழுவுக்கு ஏற்ற பயிற்சி மட்டும். ஒருவன் முன்னேறினால் உடனே அடுத்த குழு. வருகிற முதல் நாளே ஒரு சிறு வாசிப்புச் சோதனை செய்தால்தான் இது நடக்கும், அந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

## செங்கல் சூளை: ஒரே பிள்ளைக்கு இரண்டு ஊர்

இதுவரை சொன்னதெல்லாம் பிள்ளை ஓர் ஊரில் நிலையாக இருக்கும் என்று வைத்துக்கொண்டு. திருவள்ளூர், செங்கல்பட்டுப் பக்கத்துச் சூளைகளில் அது கிடையாது.

மேற்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா, களாஹண்டி மாவட்டங்களில் அறுவடை முடியும் நேரத்தில் தரகர் வந்து முன்பணம் கொடுப்பார். கணவன், மனைவி, ஒரு பிள்ளை சேர்ந்தது ஒரு வேலைக்குழு என்று கணக்குப் போட்டே பணம் தரும் வழக்கம் அங்கே உண்டு. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. எண்ணிக்கை கூடினால்தான் கடன் கழியும் என்பதால், பச்சைக் கல்லைத் திருப்பிப் போடுவது, அடுக்குவது, தம்பியைப் பார்த்துக்கொள்வது எல்லாம் பிள்ளையின் தலையில். மழைக்காலத்துக்கு முன்பு, மே ஜூனில் ஊர் திரும்புவார்கள். கல்வியாண்டின் நடுவில் கிளம்பி, அது முடிந்த பிறகு திரும்புகிற பிள்ளைக்கு அங்கேயும் படிப்பு இல்லை, இங்கேயும் இல்லை. எட்டாம் வகுப்பு வரை ஆல் பாஸ் என்று இருந்த ஆண்டுகளில் அப்படியே மேல் வகுப்புக்கும் போய்க்கொண்டிருந்தார்கள்.

இதற்கு இரண்டு விதமான ஏற்பாடுகள் உண்டு. ஒன்று, பெற்றோர் கிளம்பும்போது பிள்ளையை ஊரிலேயே வைத்துக்கொள்ளும் பருவகால விடுதி, ஒடிசா இதை நடத்தியிருக்கிறது. இன்னொன்று, சூளைக்குப் பக்கத்திலேயே பணியிடப் பள்ளி. திருவள்ளூரில் ஒடியா பேசும் ஆசிரியர்களை வைத்து, ஒடியா பாடப்புத்தகங்களையே வரவழைத்து நடத்தினார்கள். வந்த இடத்து மொழியில் ஐந்து மாதம் எழுத்துக் கற்றுவிட்டு, ஊருக்குப் போனதும் அது உதவாமல் போவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். தமிழ் பேசக் கற்றுக்கொள்ளட்டும், அது தானாக வரும். முதல் எழுத்து அவன் தாய்மொழியில்தான் இருக்க வேண்டும்.

இதே சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் மரம் வெட்டும் இடங்களிலும் நம் ஊர் இருளர் குடும்பங்களும் முன்பணத்துக்குக் கட்டுண்டு இருந்து மீட்கப்பட்டிருக்கின்றன. அவர்களுக்கு மொழி தடையில்லை, சாதிச் சான்றிதழ் தடை. அது இல்லாமல் உதவித்தொகையும் விடுதியும் கிடைப்பது கடினம், பெற்றோரிடமே சான்றிதழ் இல்லாதபோது பிள்ளைக்கு வாங்க அலைய வேண்டியிருக்கிறது. ஒரு பக்கம் அரசே மீட்கிறது, இன்னொரு பக்கம் அதே அரசின் ஒரு தாளுக்காக அந்தக் குடும்பம் கூலி நாளை இழந்து தாலுகா அலுவலகத்தில் நிற்கிறது. மீட்கிற அன்றே விடுவிப்புச் சான்றிதழோடு இதையும் சேர்த்துக் கொடுக்க முடியும். கொடுக்க வேண்டும்.

சாப்பாட்டை இங்கே சேர்த்துச் சொல்லாமல் இருக்க முடியாது. மதிய உணவு தமிழ்நாட்டுக்குப் பழக்கமானது, 2022-இல் தொடங்கி அடுத்த ஆண்டு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போன காலை உணவுத் திட்டம், விடியற்காலையே தாயும் தகப்பனும் வேலைக்குப் போய்விடும் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பெரிய ஆதரவு. ஆனால் அது தொடக்கப் பள்ளிக்கு. வயதுக்கேற்ப ஆறாம் வகுப்பில் சேரும் பிள்ளை அதே பசியோடு வந்தாலும் தன் வகுப்பினால் அதற்கு வெளியே நிற்க நேரும்.

## 14 வயதுக்குப் பிறகு

பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் மீட்கப்பட்டால் நேரம் குறைவு. 14-ஐத் தாண்டி மீட்கப்படுகிறவர்கள், நூற்பாலையிலிருந்து வரும் பதினைந்து பதினாறு வயதுப் பெண் பிள்ளைகளைப் போன்றவர்கள், கல்வி உரிமைச் சட்டத்தின் வயது வரம்புக்கு வெளியே நிற்கிறார்கள். ஏற்கெனவே சேர்ந்தவர் தொடரலாம், புதிதாகக் கேட்பவருக்கு அதே அழுத்தமான உரிமை இல்லை. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்குச் சமமான நிலைகள் உண்டு, எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராகவும் எழுதலாம். ஆனால் சொல்லித்தர ஆள் இல்லாமல் தேர்வு மட்டும் இருந்து என்ன? வேலை செய்ய அனுமதிக்கும் வயதும் கட்டாயக் கல்வி முடியும் வயதும் 14-இல் ஒன்றாக நிற்கும்வரை, அந்த வயதில் பிள்ளையைப் பள்ளியில் பிடித்து வைக்க ஆசிரியரிடம் வெறும் வேண்டுகோள்தான் இருக்கும். கட்டாயக் கல்வியை 18 வரை நீட்ட வேண்டும் என்ற கோரிக்கை இதனால்தான் திரும்பத் திரும்ப எழுகிறது.

## உங்கள் ஊரில் எதைக் கேட்கலாம்?

வேலை செய்யும் பிள்ளையைப் பார்த்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குச் சொல்லலாம், தொழிலாளர் துறையின் பென்சில் இணையதளத்திலும் புகார் பதியலாம். மீட்ட பிறகு கேட்க வேண்டியவை வேறு. அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது, அதில் முக்கால் பங்கு பெற்றோர். அந்தக் கூட்டத்தில் இவற்றைக் கேட்கலாம்:

1. இந்த ஆண்டு இடைநின்று திரும்பிய பிள்ளைகள் யார் யார், வந்த அன்று அவர்கள் வாசிக்கும் நிலை என்ன என்று எழுதி வைத்திருக்கிறார்களா?
2. அவர்களுக்குச் சிறப்புப் பயிற்சி நடக்கிறதா, தினமும் எத்தனை மணி நேரம், சொல்லித்தருகிறவர் யார், அவருக்குச் சம்பளம் மாதாமாதம் வருகிறதா?
3. மூன்று மாதம் கழித்து மறுபடி வாசிக்கச் சொல்லிப் பார்த்தார்களா? போதவில்லை என்றால் இரண்டு ஆண்டு வரை நீட்டிக்கலாம் என்ற விதியைப் பயன்படுத்தினார்களா?
4. முதலாளி கட்டிய அபராதத்தோடு அரசின் 15,000 ரூபாயும் சேர்ந்து பிள்ளையின் பெயரில் வங்கியில் போடப்பட வேண்டுமே, போடப்பட்டதா?

மூன்றாவது கேள்விக்குத்தான் பல இடங்களில் பதில் இருக்காது, ஏனென்றால் வருகைப் பதிவேட்டில் அதற்கென்று ஒரு கட்டம் இல்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தில் பெயரும் தேதியும் வாசித்த பத்தியும் எழுதி வைக்கத் தனி ஆணை எதுவும் தேவையில்லை, அடுத்த கூட்டத்திலேயே தொடங்கச் சொல்லலாம்.